அந்த 39 அசைவுகள் எங்களோடு இருக்கட்டும்

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் டேக்வாண்டோ வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நாங்கள் இணைந்திருக்கும் அமைப்பு புதிய பாடத்திட்டம் போட்டிருக்கிறது. கருப்பு பெல்ட் இரண்டாம் படியில் இருக்கும் மாணவர் இனி 'கோடாங்' என்ற பேட்டர்னை ஆடிக் காட்டினால் மதிப்பெண் கிடையாது. அதன் இடத்துக்கு வந்த 'ஜூசே'யைத்தான் ஆட வேண்டும். வழக்கொழிந்த பேட்டர்ன்களை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திக்கொள்வது நல்லது என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் 30 வருஷம் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமை காலையில் தாமான் மண்டபத்தில் 26 பிள்ளைகளுக்கு டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்கிறேன். நான் இதில் சேர்ந்தது 1979-இல், என் 11 வயதில். அண்ணனைத் தனியாக அனுப்பப் பயந்து அம்மா என்னையும் சேர்த்து அனுப்பினார். பாலாய் ராயா மண்டபத்தில் அப்போது 40 பையன்கள், நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள்.

எங்கள் மாஸ்டர் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார். வந்ததும் முதல் வேலையாகச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு கூட்டல் குறி போடுவார். அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் நின்றுதான் 'சொன்ஜி'யைத் தொடங்க வேண்டும். கூட்டல் குறியின் நான்கு கைகளிலும் போய் வந்து, 19-ஆவது அசைவில் மறுபடி வட்டத்துக்குள் நிற்க வேண்டும். கால் கோட்டில் பட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "வட்டத்துக்குள்ள கால் வரல பாப்பா. மறுபடியும் போ" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான்கு மாதம் சொன்ஜியைத் தவிர வேறெதுவும் ஆடவில்லை நாங்கள்.

டேக்வாண்டோ தெரியாத வாசகருக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எதிரே ஆள் இல்லாமல், எதிரே ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு, தடுப்பும் குத்தும் உதையும் ஒழுங்கான வரிசையில் ஆடுவதுதான் பேட்டர்ன். நம் சிலம்ப ஆசான்கள் குத்துவரிசை, அடிவரிசை என்று சொல்வதற்கு மிக நெருங்கிய சொந்தம். கொரிய மொழியில் எங்கள் பிரிவினர் இதைத் 'துல்' என்பார்கள். ஒலிம்பிக்கில் இருக்கும் இன்னொரு பெரிய பிரிவினருக்கு 'பூம்சே'. அவர்களுடைய வண்ண பெல்ட்டுப் பாடம் எட்டு தேகுக் வரிசைகள். எங்களுடையது ஜெனரல் சோய் ஹோங் ஹீ வகுத்த 24 பேட்டர்ன்கள். ஒரு நாளின் 24 மணி நேரம்தான் அந்தக் கணக்கு. ஒரு மனிதரின் ஆயுளைக் காலவெளியில் வைத்துப் பார்த்தால் ஒரு நாள்தான் என்று நினைத்தவர் அவர். அந்த ஒரு நாளில் பின்னால் வருகிறவர்களுக்கு எதையாவது விட்டுப் போக வேண்டும் என்று விரும்பினார்.

இது எங்கேயோ கடல் கடந்து நடந்த கதை என்று மலேசியத் தமிழர் யாரும் ஒதுக்க முடியாது. 1962-இல் சோய் தென்கொரியாவின் தூதராக மலாயாவுக்குத்தான் வந்தார். அவருடைய பேட்டர்ன்களில் பலவற்றுக்கு உருவம் கொடுத்த வேலை, கிம் போக் மான், வூ ஜே லிம் போன்ற பயிற்றுநர்களின் துணையோடு, அவர் இங்கே இருந்த காலத்தில் நடந்தது. அனைத்துலக டேக்வாண்டோ கூட்டமைப்பு சியோலில் தொடங்கியது 1966-இல். அதற்கு முன்பே நம் ஊர் மண்டபங்களில் பிள்ளைகள் சொன்ஜி ஆடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் மாஸ்டர் அந்த முதல் அலைக்கு அடுத்து வந்தவர். தோட்டத்தில் பிறந்த ஒரு தமிழர், கோலாலம்பூரில் கொரியரிடம் படித்த ஒரு சீனரிடம் கற்றுக்கொண்டு, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பள்ளியின் மரபு என்று நான் சொல்வது இந்தச் சங்கிலியைத்தான்.

அசைவுகளின் எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு என்பது எனக்கு மஞ்சள் பெல்ட் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. 'ஜூங்கூன்' பேட்டர்னில் 32 அசைவுகள். ஆன் ஜூங் கூன் என்ற கொரியர், தன் நாட்டைச் சப்பான் விழுங்குவதற்கு முன்னின்று வேலை செய்த இத்தோ ஹிரோபுமியை 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் சுட்டுக் கொன்றார். மறு வருஷம் லூஷுன் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கொரியர் வயதுக் கணக்கில் அப்போது அவருக்கு 32. 'சாம்இல்' பேட்டர்னில் 33 அசைவுகள். 1919 மார்ச் முதல் தேதி சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரின் கணக்கு அது. 'சேஜாங்' பேட்டர்னுக்கு 24. கொரிய எழுத்தை உருவாக்கிய மன்னர் சேஜாங்கின் பெயரால் அமைந்தது, 24 என்பது எழுத்துகளின் எண்ணிக்கை. எழுத்துக்காக ஒரு தற்காப்புக் கலையில் ஒரு வரிசையே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் நான் சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிற்காலத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனதற்கு அந்த மாலையும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

'சூங்மூ'வில் கடைசி அசைவு இடக்கைக் குத்து. வலக்கைக் குத்தில் முடிப்பதுதானே இயல்பு என்று கேட்டேன். 1592-இல் சப்பானியப் படையை ஆமைக் கப்பலால் எதிர்த்த தளபதி யீ சுன் சின்னின் பட்டப் பெயர் சூங்மூ. 1598-இல் போர் முடியும் நேரத்தில் குண்டடிபட்டு இறந்தார். முழு ஆற்றலையும் காட்ட வாய்ப்பின்றிப் போன மரணம் என்பதால் அந்த வரிசை இடக்கையில் முடிகிறது. இதை மாஸ்டர் சொன்னபோது எங்களில் ஒருவர்கூட அசையவில்லை. 12 வயதுப் பிள்ளைகள் 20 பேர் சத்தமில்லாமல் நின்றோம்.

கோடாங்கும் இப்படி ஒரு மனிதரின் பெயர்தான். சோ மான் சிக் என்பவரின் புனைபெயர். 1883-இல் பிறந்தவர். காந்தியின் வழியால் ஈர்க்கப்பட்டு, கொரியர்கள் கொரியப் பொருளையே வாங்க வேண்டும் என்று 1920-களில் இயக்கம் நடத்தினார். ஆயுதம் எடுக்காமல் போராடினார், பள்ளி நடத்தினார், கொரியக் காந்தி என்று பெயர் வாங்கினார். 1945-இல் சப்பான் தோற்றுப் போன பிறகு கொரியாவின் வடபாதியில் மக்கள் பெரிதும் மதித்த தலைவர் அவர். நாட்டை வல்லரசுகளின் பொறுப்பாட்சியில் வைக்கும் திட்டத்துக்குத் தலையாட்ட மறுத்ததால், 1946 தொடக்கத்தில் சோவியத் படை அவரைப் பியோங்யாங் ஹோட்டல் ஒன்றில் காவலில் வைத்தது. அவர் வெளியே வரவே இல்லை. அவருடைய சிறைவாசங்களையும் பிறந்த மண்ணின் 39-ஆவது அட்சரேகையையும் நினைவில் வைத்து அமைந்தவை அந்த 39 அசைவுகள்.

இவர் ஏன் நீக்கப்பட்டார்? சோய் 1972-இல் தென்கொரிய அரசோடு பகைத்துக்கொண்டு கனடாவுக்குப் போனார். 1980-இல் டேக்வாண்டோவை வடகொரியாவுக்கு எடுத்துச் சென்றார். வடகொரிய அரசின் கையில் முடிந்துபோன ஒருவரின் பெயரை அங்கே எப்படிச் சொல்வது? கோடாங் எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் கிம் இல் சுங்கின் அரசியல் கோட்பாட்டின் பெயரிலேயே ஜூசே வந்தது, 45 அசைவுகளோடு. இது முதல் தடவையும் இல்லை. ஆரம்ப காலப் புத்தகத்தில் அதிபர் சிங்மன் ரீயின் பெயரில் 'ஊநாம்' என்றொரு பேட்டர்ன் இருந்தது. ரீ 1960-இல் பதவியிழந்த பிறகு அதுவும் புத்தகத்தில் இல்லாமல் போனது.

ஜெனரல் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. பிறந்த மண் வடக்கில், வளர்த்த படை தெற்கில், கடைசி முகவரி கனடாவில், 2002-இல் இறந்ததோ பியோங்யாங்கில். தன் கலை இரண்டு பாதிகளிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவர் என்ன விலை கொடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த விலையின் ஒரு பகுதியாகச் சோ மான் சிக் இரண்டாவது முறையும் மறைக்கப்பட்டார். அதற்கு நாங்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

என்னோடு வகுப்பு நடத்தும் தம்பி ஒருவர், நல்ல பயிற்றுநர், நேராகவே கேட்டார்: "அக்கா, ஜெனரலே மாத்திட்டாரு. நாம யாரு வச்சுக்க?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. உருவாக்கியவருக்குத் திருத்தவும் உரிமை உண்டு. போட்டியிலும் தேர்விலும் நடுவர்களுக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பதும் சரிதான். அதனால் ஜூசேயையும் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். கடினமான, அழகான வரிசை அது. காலை உயரத்தில் நிறுத்தி மெதுவாக உதைக்கும் பகுதியில் என் மாணவிகள் மூச்சுவாங்கி நிற்பார்கள். என் பதில் இவ்வளவுதான்: ஜெனரல் தன் புத்தகத்தைத் திருத்தினார். எங்கள் மாஸ்டர் 1970-களில் கற்ற வரிசையை எங்கள் உடம்பில் ஏற்றிவிட்டுப் போனார். புத்தகத்தில் ஒரு பக்கத்தை மாற்றலாம், அச்சு இயந்திரம் இருக்கிறது. உடம்பில் இருப்பதை அழிக்க ஒரே வழி, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது. சுற்றறிக்கை கேட்பது அதைத்தான்.

ஜெனரல் மறைந்த பிறகு கூட்டமைப்பு பல துண்டாக உடைந்தது. அதில் ஒரு பிரிவு கோடாங் என்ற பெயரை மீட்டது. கேள்விப்பட்டதும் மகிழ்ந்தேன், பிறகு விவரம் தெரிந்தது: அசைவுகள் ஜூசேயுடையவை, பெயர்ப் பலகை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு மனிதரின் பெயரைத் திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம். அவருக்காக எண்ணி வைத்த 39-ஐ 45-ஆக விட்டது அரைக் காரியம்.

மாஸ்டர் 2011-இல் காலமானார். அவர் மனைவி என்னை வீட்டுக்கு அழைத்து ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தார். நீல அட்டை, பின்பக்கம் வாய்ப்பாடு அச்சிட்டது. உள்ளே பேட்டர்ன்கள் முழுவதும் தமிழில். 'இடக்கால் முன், இடக்கை கீழ்த்தடுப்பு. வலக்கால் முன், வலக்கை நடுக்குத்து' என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி. கொரியச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ நினைவில் நிற்காத நாட்களில் தனக்காக எழுதிக்கொண்டிருக்கிறார். திசைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்களைப் பார்த்து அங்கேயே அழுதேன். புத்தகத்தில் திசைகளுக்கு நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இவர் நோட்டில் 'கதவுப் பக்கம், மேடைப் பக்கம், ஜன்னல் பக்கம், கடிகாரப் பக்கம்' என்று இருந்தது. எங்கள் பழைய பாலாய் ராயாவேதான் அவருக்குத் திசைகாட்டி. அந்த மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். புதியதில் ஜன்னல் வேறு சுவரில் இருக்கிறது, கடிகாரமே இல்லை. என் பிள்ளைகள் இன்றைக்கும் "கடிகாரப் பக்கம் திரும்பி உதை" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த நோட்டில் 31-ஆம் பக்கத்திலிருந்து கோடாங். நான்கு இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறார். தனக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் மூத்த மாணவர்களைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார் என்பது ஓரக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. ஓர் இடத்தில் 'பினாங்கு ஆள் வேறு மாதிரி ஆடுகிறார், இரண்டும் எழுதிவை' என்று தனக்குத் தானே கட்டளை. அதை நான் மரியாதை என்பேன். மண்டபச் சுவரில் அவர் படத்தை மாலை போட்டு மாட்டியிருக்கிறோம், ஆண்டு விருந்தில் அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டுகிறோம். அவர் திருத்தித் திருத்தி எழுதிய வரிசையை ஆட ஆள் இல்லாவிட்டால் அந்தக் கைதட்டல் எதற்கு?

மரபைப் போற்றுகிறேன் என்று சொல்பவர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. எங்கள் பழைய பதாகையில் 'ஈராயிரம் ஆண்டுக் கொரியக் கலை' என்று இருந்தது. நான் பொறுப்பேற்ற பிறகு அதை எடுத்துவிட்டேன். மூத்தவர்கள் சிலருக்கு வருத்தம். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல் சூட்டப்பட்டதுதான். சோய் இளம் வயதில் சப்பானில் கராத்தே கற்றவர். 1944-இல் சியோலில் சுங் டோ குவான் என்ற பள்ளியைத் தொடங்கிய லீ வோன் குக், நவீன கராத்தேயின் முன்னோடி ஃபுனகோஷியின் மாணவர். அன்றைய கொரியப் பள்ளிகளில் ஆடிய வரிசைகளில் பல, ஒகினாவாவில் இத்தோசு ஆங்கோ பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த கராத்தே வரிசைகளைக் கொரிய உச்சரிப்பில் சொன்னவை. அடிமைப்படுத்திய நாட்டிடம் கற்றதை எடுத்து, அதே நாட்டை எதிர்த்து நின்றவர்களின் பெயரைச் சூட்டி, அவர்களுடைய வயதையும் சிறைவாசத்தையும் எண்ணிக்கையாக்கி வைத்தார்கள். பொய்யான ஈராயிரம் ஆண்டை விட இது பெரிய கதை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் கண் விரிவதை நான் பார்க்கிறேன்.

இனி பெற்றோர்களுக்கு. வாரத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்: "டீச்சர், பேட்டர்ன் கிரேடிங்குக்கு ரெண்டு வாரம் முன்னாடி பழகினா போதாதா? போட்டிக்கு ஸ்பாரிங்தானே வேணும்?" பிள்ளை பதக்கம் வாங்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. 2000-இல் சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் பதக்கம் தருவது எதிராளியோடு நேருக்கு நேர் மோதும் ஸ்பாரிங்குக்குத்தான் என்பதும் உண்மை. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்க்கவசம் வந்த பிறகு அந்த ஆட்டம் எப்படி மாறியது என்பதையும் பாருங்கள். முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கருவி பதிவு செய்யும் அளவுக்குத் தொட்டுத் தொட்டு எடுக்கிறார்கள். என்னிடம் வேறு வகுப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் சிவப்பு பெல்ட் கட்டியிருப்பார்கள், பின்னங்காலில் எடையை வைத்து நிற்கத் தெரியாது. விதி மாறினால் அந்தப் பழக்கமும் பயனற்றுப் போகும். இடுப்பைத் திருப்பிக் கீழ்த்தடுப்புப் போடக் கற்ற பிள்ளைக்கு எந்த விதி வந்தாலும் நஷ்டமில்லை.

பேட்டர்ன் உடம்பில் செய்யும் வேலை மெதுவானது. குத்தும் கை முன்னே போகும்போது மற்றக் கை இடுப்புக்கு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். எதற்கு என்று எனக்குப் புரிய ஒன்பது வருஷம் ஆனது. பிடித்த மணிக்கட்டை இழுத்துக்கொண்டே குத்துவதற்கான கை அது. மாஸ்டர் இதை வாயால் சொன்னதே இல்லை. ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், நான் அவர் தோள் வரை வந்து நின்றேன். "இவ்வளவு நாள் ஆடினியே, இதான்" என்றார். ஒன்பது வருஷம் ஆடியிருக்காவிட்டால் அந்த ஒரு நொடி எனக்கு வெறும் இழுப்பாகத்தான் இருந்திருக்கும். 46 வயதில் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு ஸ்பாரிங் இல்லை, குதித்து உதைப்பது இல்லை. சொன்ஜி இருக்கிறது. தினமும் காலையில் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு 19 அசைவுகள். இன்றைக்கும் சில நாள் வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளித்தான் நிற்கிறேன்.

ஒரு தமிழ்ப் பிள்ளை ஏன் கொரியத் தியாகிகளை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். திருவிழாக்களில் சிலம்பம் ஆடுவார், லயத்துப் பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். வெறுங்கையில் குத்துவரிசை பிடிபடாத பையன் கையில் கம்பைக் கொடுக்கவே மாட்டார். அவரிடம் 18 பாடம் இருந்தது என்று அம்மா சொல்வார். எனக்குத் தெரிந்தது மூன்று. அதிலும் ஒன்றில் நடுவே எங்கே திரும்ப வேண்டும் என்று மறந்துவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது பையன்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் சேர்ந்து ஆடவில்லை. தாத்தா போன அன்று அந்த 15 பாடமும் போனது. அது எப்படிப்பட்ட வரிசை, எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தது, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. சொந்தச் சொத்தை அப்படி இழந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். நம்பிக் கையில் கொடுத்த இன்னொருவர் சொத்தையும் அதே போல் கைவிட என்னால் முடியாது.

அமைப்புக்கு நான் அனுப்பிய பதிலில் மூன்று விஷயங்கள் எழுதினேன். தேர்வில் உங்கள் பாடத்திட்டப்படியே எங்கள் பிள்ளைகள் ஆடுவார்கள். வகுப்பில் கோடாங் தொடரும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பழைய பேட்டர்ன்களை ஆடிக் காட்ட 15 நிமிடம் ஒதுக்குங்கள், மதிப்பெண் வேண்டாம், நடுவரும் வேண்டாம். இதுவரை பதில் வரவில்லை. வரும் என்றே எதிர்பார்க்கிறேன். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கோடாங் ஆடித்தான் இரண்டாம் படியைக் கடந்தார்கள்.

பழைய மாணவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் ஈப்போவிலோ பினாங்கிலோ கிள்ளானிலோ, எந்தத் தோட்ட மண்டபத்திலோ டேக்வாண்டோ பழகியவர்களில் பலர் இன்று 65-ஐத் தாண்டியிருப்பார்கள். உங்கள் அலமாரியில் பழைய நோட்டு இருந்தால் பேரப்பிள்ளையை விட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நோட்டு இல்லாவிட்டால் எழுந்து நின்று, கை ஓடுகிறவரை ஆடிப் பாருங்கள், கைபேசியில் பதிவு செய்யட்டும். தவறாக வந்தாலும் பரவாயில்லை, 'இந்த இடம் சந்தேகம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்தில் வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்து, ஒரு சனிக்கிழமை அங்கே போய் ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுங்கள். எங்கள் வகுப்பு காலை ஏழரைக்கு. முதல் அரை மணி நேரம் பேட்டர்ன் மட்டும்தான்.